நூறு சதவீத வருகை

லோகநாதனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது வலை இழுத்ததால் அல்ல, பேராசிரியர்களைத் தூக்கியதால்.

இருபத்தாறு வருடம் பழவேற்காட்டு ஏரியில் கழி ஊன்றிப் படகு தள்ளிய இடுப்பு அது. ஒரு நாளும் இப்படி மக்கர் பண்ணியதில்லை. சின்னத்திட்டுக் குப்பத்தில் படகு கரையை ஒட்டி வராது. கடைசி முப்பதடி முழங்கால் சேறு. குப்பத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு அதில் இறங்கி நடந்துவிடும். ஆனால் வடகரைப் பல்கலைக்கழகத்தின் ஏழு பேராசிரியர்களும் ஓர் இயக்குநரும் ஷூ போட்டிருந்தார்கள். கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளலாமே என்று லோகநாதன் சொன்னான். களப்பயண நெறிமுறையில் அதற்கு இடமில்லை என்றார்கள்.

அதனால் முதுகில் ஏற்றிக்கொண்டு போனான். எட்டுப் பேர், ஒன்பது நடை. இயக்குநர் முனைவர் விஜயராகவனை மட்டும் இரண்டு தடவை தூக்க வேண்டியிருந்தது. முதல் தடவை எடுத்த போட்டோவில் அவர் கண்ணை மூடியிருந்தார்.

சாயங்காலம் வீட்டில் குப்புறப் படுத்துக் கிடந்தவன் இடுப்பில் மனைவி கோவிந்தம்மா சூடாகத் தவிட்டு மூட்டையை வைத்தாள்.

"இன்னாய்யா, காலைல நல்லாத்தானே போன?"

"படிச்சவங்க கனமா கீறாங்க கோவிந்தம்மா."

லோகநாதன் பல்கலைக்கழகத்துக்குப் பாடம் திருத்தப் போன ஆள் இல்லை. மகளுக்கு வருகைப்பதிவு கேட்கப் போன ஆள்.

திவ்யா அந்தப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. போன வருடம் அங்கே கலப்புக் கற்றல் வந்தது. வாரத்தில் சில நாள் வகுப்பறையில், சில நாள் போனில். போன் வகுப்பில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பச்சை வட்டம் ஒன்று வரும். அமுக்கினால் மாணவி இருக்கிறாள்; அமுக்காவிட்டால் இல்லை. குப்பத்தில் சிக்னல் கிடையாது. ஏரி நடுவில் உண்டு. ஆகவே லோகநாதன் படகை அங்கே கொண்டுபோய்க் கழி நட்டு நிறுத்துவான். திவ்யா தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு வெயிலில் பொருளாதாரம் கேட்பாள். பச்சை வட்டத்தை அமுக்குவாள். உடனே செய்தி வரும்: 'நீங்கள் நீர்நிலையில் இருப்பதாகத் தெரிகிறது. பாதுகாப்பான கற்றல் சூழலுக்குச் சென்று மீண்டும் முயலவும்.' பாதுகாப்பான சூழலுக்கு வந்தால் சிக்னல் போய்விடும்.

இப்படியே வருகை நாற்பத்தொரு சதவீதத்தில் நின்றது. எழுபத்தைந்து இல்லாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது. ஹால் டிக்கெட் இல்லாவிட்டால் பரிட்சை கிடையாது. ஒரு வருடம் போனால் போனதுதான்.

படகு, பஸ், ரயில் மாறி அனுப்பம்பட்டில் இறங்கி நடந்து லோகநாதன் பல்கலைக்கழகத்துக்குப் போனான். துறைத்தலைவர் திரௌபதி மேடம் நிமிராமலே பேசினார்.

"அட்டெண்டன்ஸ் சிஸ்டம் போடுறது. நாங்க கைவைக்க முடியாது. எந்த ஊர்?"

"ஏரிக்குள்ள, மேடம். பசியாவரத்துக்கு அடுத்த திட்டு."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்ததை அவருடைய மாணவர்கள் யாரும் பார்த்ததில்லை.

"மீன்பிடித் தொழிலா? படிச்சிருக்கீங்களா?"

"பிளஸ் டூ, மேடம்."

"உட்காருங்க, உட்காருங்க."

விஷயம் இதுதான். 'உவர்நீர் வாழ்வாதாரங்கள்' என்ற பாடத்தை மார்ச் முப்பத்தொன்றுக்குள் கலப்பு முறைக்கு மாற்றி அமைத்தாக வேண்டும். மாற்றாவிட்டால் வந்த நிதி திரும்பிப் போய்விடும். மாற்றுவதற்கு உப்புத் தண்ணீரைப் பார்த்த ஒரு கள வல்லுநர் தேவை. துறையில் பதினெட்டு வருடமாக அந்தப் பாடம் நடக்கிறது. அந்த மாதிரி ஆள் துறையில் யாரும் இல்லை.

"மூணு நாள் எங்க பேராசிரியர்களுக்கு உதவி பண்ணுங்க. உங்க பொண்ணு ஃபைலை நான் தனியா எடுத்து வெச்சுச் சலுகை வாங்கித் தரேன்."

"எந்த மூணு நாள், மேடம்?"

அவர் சொன்ன தேதிகளை லோகநாதன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். இரண்டாம் நாள் அமாவாசை. அன்றைக்கு அவன் பாடு.

பாடு என்றால் முறை. ஏரியில் இறால் ஓடுகிற துறையில் எல்லோரும் ஒரே நாளில் வலை கட்ட முடியாது. குப்பத்தில் இருபத்துமூன்று வீடு. சீட்டுப் போட்டு வரிசை எடுப்பார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு நாள். சுற்று முடிந்து மறுபடி வர இருபத்துமூன்று நாள். எல்லா நாளும் ஒன்றில்லை. அமாவாசைத் தண்ணீரில் விழுகிற இறால் மற்ற நாளில் விழாது. ஒரு வீட்டுப் பாடு அமாவாசையோடு சேர்ந்து வர இரண்டு வருடம் பிடிக்கும். அவசரத்துக்குப் பாட்டைக் கைமாற்றிக்கொள்ளலாம். ஆனால் எந்தத் தண்ணீரை வாங்கினோமோ அதே தண்ணீரைத் திருப்ப வேண்டும். அமாவாசைக்கு அமாவாசை. அதில் மறுபேச்சு கிடையாது.

"அன்னிக்கு நான் வலை கட்டணும் மேடம்."

"அதைத்தாங்க நாங்க வீடியோ எடுக்கப் போறோம்!" என்றார் திரௌபதி மேடம்.

முதல் நாள், குப்பத்துப் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் பயிலரங்கம்; தங்கலும் அங்கேயே. இணையவழிக் கற்பித்தல் பற்றியது. இணையம் இல்லாததால் எல்லாவற்றையும் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். தலைக்கு முந்நூறு பக்கம். அதையும் லோகநாதன்தான் சுமந்தான். புரொஜெக்டர் வந்திருந்தது, கரண்ட் வரவில்லை. திரையில் தெரிந்திருக்க வேண்டியதை ஒருவர் படித்துக் காட்ட, மற்றவர்கள் வெற்றுத் திரையைப் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள்.

இயக்குநர் விஜயராகவன் பேசினார்.

"நண்பர்களே, கலப்புக் கற்றலைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஆசிரியர் வகுப்புக்கு வராமலேயே மாணவன் தேற முடியும் என்பதை நமது பல்கலைக்கழகம் முப்பது ஆண்டுகளாக நிரூபித்து வருகிறது. அப்போது அதற்குப் பெயர் இல்லை. சிலர் புகார் என்றார்கள். இன்று பெயர் இருக்கிறது, நிதி இருக்கிறது. நான் கடைசியாக வகுப்பறைக்குள் நுழைந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. அந்த அனுபவத்தின் அடிப்படையில்தான் சொல்கிறேன்: கற்றலுக்கு இடையூறு, கற்பித்தல்தான்."

கை தட்டினார்கள். முதுகைத் தேய்த்துக்கொண்டே லோகநாதனும் தட்டினான்.

வருகைப்பதிவு காகிதத்தில் எடுக்கப்பட்டது. கையெழுத்துப் போட்டால் போதும்; ஊருக்குப் போய் ஆப்பில் ஏற்றிக்கொள்வார்களாம். டீ கொடுக்க வந்த திவ்யா அதைப் பார்த்துவிட்டாள்.

"மேடம், இங்க சிக்னல் இல்லைன்னுதானே நீங்க பேப்பர்ல கையெழுத்துப் போடுறீங்க? எனக்கும் இந்த மாதிரி..."

"இது ஆசிரியர்களுக்கான விதிவிலக்கும்மா," என்றார் திரௌபதி மேடம் அன்பாக. "மாணவர்களுக்குக் கொடுத்தா பொய் சொல்லுவாங்க."

அவர் பட்டியலைப் புரட்டினார். கள வல்லுநர் என்று ஆப்பில் ஒரு கட்டம் இல்லை. ஆசிரியர், அலுவலர், மாணவர், மூன்றுதான்.

"மாணவர்னு போட்டுடுங்க லோகநாதன். பின்னாடி மாத்திக்கலாம்."

இரண்டாம் நாள், அமாவாசை. தண்ணீர் மதியம் மூன்று மணிக்குத் திரும்பும். திரும்புகிற அரை மணிக்குள் கழி நட்டு வலையைக் கட்டிவிட வேண்டும். லோகநாதன் இரண்டரைக்கே துறையில் படகை நிறுத்தினான். படகில் கேமராக்காரர், பேராசிரியர் முத்துராஜ், 'கற்றல் விளைவு 1' என்று எழுதிய ஒரு போர்டு.

முத்துராஜ் பதினெட்டு வருடமாக வலை பற்றி வகுப்பு எடுப்பவர். வலையை அன்றுதான் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"வலை என்பது யாது?" என்று கேமராவைப் பார்த்து ஆரம்பித்தார்.

பத்து நிமிடம் ஆயிற்று. வலை இன்னும் யாது என்று தெரியவில்லை.

"சார், தண்ணி திரும்பப் போவுது."

"ஒரு நிமிஷம்ப்பா. நீ கழியை எடு. எடுக்காதே. போர்டு மறைக்குது. இப்ப எடு."

லோகநாதன் கழியை நட்டான். நடும்போது சூரியன் லென்ஸில் அடித்ததாம். பிடுங்கி நட்டான். வலையைக் கட்டினான். கட்டும்போது அவன் முகத்தில் கற்றல் ஆர்வம் தெரியவில்லையாம். அவிழ்த்துக் கட்டினான். மூன்றாம் தடவை அவிழ்த்தபோது தண்ணீர் திரும்பி, சாவகாசமாக அவனைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. அதற்குள்ளே ஓடுகிற இறால் அவன் காலில் இடித்துக்கொண்டு போனது. அது இரண்டு வருடத்து இறால்.

"இன்னா சார், போச்சே!" என்றான்.

"பரவாயில்லை, எடிட்டிங்கில் சேர்த்துடலாம்," என்றார் முத்துராஜ்.

விடிந்து வலையைத் தூக்கியபோது இரண்டு நண்டும் ஒரு மைக்கும் இருந்தன. மைக் முத்துராஜுடையது. சட்டையில் குத்தியிருந்தது எப்போது விழுந்ததோ. ஆகவே முந்தின நாள் பேச்சில் ஒரு வார்த்தையும் பதிவாகவில்லை.

"திரும்ப எடுக்கணும். இன்னைக்கே," என்றார் திரௌபதி மேடம்.

"இன்னிக்கு என் பாடு இல்ல மேடம். மச்சான் ஜெகதீஸ்வரன் பாடு. வேற ஆளு அந்தத் துறையில கழி நட முடியாது."

"அப்ப உங்க பொண்ணு ஃபைல்?"

லோகநாதன் மச்சானைத் தேடிப் போனான்.

ஜெகதீஸ்வரன் கோவிந்தம்மாவின் தம்பி. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டுக்கொண்டிருந்தான். லோகநாதன் சொன்னதை முழுக்கக் கேட்டான். கேட்டுவிட்டுத் திகைத்துப் போய்ச் சிரித்தான்.

"யோவ் மாமா, இன்னா சோக்கு பண்றியா? நேத்து அமாவாசை, இன்னிக்கும் அதே தண்ணிதான். இந்தப் பாட்டுக்குன்னு ரெண்டு வருசமா குந்திக்கினு கீறேன்."

"தெரியும் மச்சான். திவ்யாவுக்காகக் கேக்குறேன்."

ஜெகதீஸ்வரன் வலையைக் கீழே போட்டான். சேறு தெறித்தது.

"அது பேரைச் சொல்லிட்ட. நான் இன்னா பேசுறது? ஆனா சொல்லிட்டேன் மாமா, அமாவாசைக்கு அமாவாசை. சொந்தம்னு பௌர்ணமியக் கொண்டாந்து நீட்டாத."

"நீட்ட மாட்டேன்."

அன்றைக்கும் வீடியோ எடுத்தார்கள். இந்தத் தடவை மைக் இருந்தது, முத்துராஜ் கையிலேயே. வலை என்பது யாது என்பது நல்ல தெளிவாகப் பதிவாகியது. வலை கட்டுவது பதிவாகவில்லை. அதற்குள் தண்ணீரும் போய்விட்டது, கேமராவில் சார்ஜும் தீர்ந்துவிட்டது. மூன்று மணி நேர வகுப்பை மூன்று நிமிடத்தில் சொல்ல வேண்டும் என்று புறப்பட்டு, மூன்று நிமிட வேலையை மூன்று மணி நேரம் விளக்கி முடித்திருந்தார்கள்.

சாயங்காலம் பாதுகாப்புக் கட்டடத்தில் கடைசி அமர்வு. பாடத்தில் ஏழு அலகு, ஏழு பேராசிரியர். விதிப்படி நூற்றுக்கு நாற்பது பங்கு இணையவழியில் நடத்தலாம், அறுபது பங்கு நேரில் போய் நடத்த வேண்டும். யாருக்கு எது வேண்டும் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். ஏழு பேரும் இணையவழி என்று எழுதியிருந்தார்கள்.

"நேரடி வகுப்பை யார் எடுப்பது?" என்றார் இயக்குநர்.

ஒருவருக்கு முட்டி வலி. ஒருவருக்கு முனைவர் பட்ட மாணவர்கள் பதினோரு பேர். முத்துராஜுக்குச் சுண்ணக்கட்டித் தூள் ஒத்துக்கொள்ளாது. இரண்டு மணி நேரம் பேச்சு ஓடியது. கடைசியில் அறிக்கைக்கு ஒரு வரி வேண்டுமே என்று இயக்குநர் கேட்டார்: "கள வல்லுநர் என்ன கருதுகிறார்?"

லோகநாதன் நிஜமாகவே யோசித்தான். இவர்களுக்கு வந்திருப்பது குப்பத்தில் தினமும் இருக்கிற பிரச்சினை என்று நினைத்தான். நல்ல துறை இருக்கிறது, வத்தல் துறை இருக்கிறது. எல்லோருக்கும் நல்லதுதான் வேண்டும். இதற்குப் போய் ஏன் இவ்வளவு பேச்சு என்று அவனுக்குப் புரியவில்லை.

"சீட்டுப் போட்டுப் பாக்கலாம் சார். எங்க ஊர்ல அப்டித்தான். ஒருத்தரே நல்லதக் கட்டிக்கினு குந்த முடியாது, ஒருத்தரே கெட்டதுலயும் கெடக்க வேணாம்."

திவ்யாவின் நோட்டில் ஒரு தாளைக் கிழித்தான். பெயர்களை எழுதினான். பிளாஸ்டிக் மக்கில் போட்டுக் குலுக்கினான். டீ கிளாஸ் எடுக்க வந்த கோவிந்தம்மாவிடம் நீட்டி, "திங்கக்கெழம ஒம்போது மணி நேர் கிளாசு. ஒண்ணு எடு," என்றான்.

எடுத்தாள். பிரித்து லோகநாதன் சத்தமாகப் படித்தான்: "விஜயராகவன்."

ஏழு பேரும் குறிப்பேட்டில் குனிந்துகொண்டார்கள்.

"என் பெயர் எப்படி இதில் வந்தது?" என்றார் இயக்குநர்.

"எட்டுப் பேரு கீறீங்களே சார். எட்டு சீட்டு போட்டேன்."

"நான் இயக்குநர்!"

"எங்க ஊர்த் தலைவரு பேரும் சீட்டுல உண்டு சார். தலைவருன்னு தனியா தண்ணி கீதா?"

அவன் குத்திப் பேசவில்லை. சீட்டு என்றால் எல்லோரும்தான் என்பது குப்பத்தில் நாலு வயசுப் பிள்ளைக்கும் தெரியும். இங்கே அப்படி இருக்காது என்று நினைக்க அவனுக்கு வழியில்லை. இயக்குநர் அந்தச் சீட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த திரௌபதி மேடத்திடம் மெதுவாகக் கேட்டார்: "வகுப்பறை எல்லாம் எந்தப் பக்கம் இருக்கு?"

படகுக்குத் திரும்ப எட்டு நடை. இடுப்பு முழுக்கப் போய்விட்டது.

இருபது நாளில் அறிக்கை வந்தது. இருநூற்றுப் பத்துப் பக்கம். 'விஜயராகவன் சுழற்சிக் கலப்பு மாதிரி' என்று பெயர். மீனவ சமூகத்தின் மரபறிவிலிருந்து உத்வேகம் பெற்றது என்று ஒரு வரி இருந்தது. சுழற்சி ஆசிரியர்களுக்கு இல்லை, அவர்கள் வழிகாட்டிகள். மாணவர்களுக்கு மட்டும். வகுப்பை ஏழு குழுவாகப் பிரித்தாகிவிட்டது. ஒரு குழுவுக்கு ஏழு நாளில் ஒரு நாள் முறை. முன்தேதியிட்டு அமல். அப்படிக் கணக்குப் போட்டால் ஒரு நாளும் தவறாமல் வருகிற மாணவனுக்கும் வருகை பதினான்கு சதவீதத்தைத் தாண்டாது. எழுபத்தைந்து வேண்டும் என்ற விதி அப்படியே இருந்தது. அதை மாற்ற வேறு குழு.

லோகநாதன் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு மறுபடி படகு, பஸ், ரயில் ஏறினான்.

"பதறாதீங்க," என்றார் திரௌபதி மேடம். "பதினஞ்சுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு அது முறையின் குறைன்னு பொதுமன்னிப்பு குடுத்தாச்சு. எல்லாருக்கும் ஹால் டிக்கெட் போயிடுச்சு."

"அப்ப எங்க திவ்யாவுக்கு?"

மேடம் கணினியைப் பார்த்தார். இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"நீங்க மூணு நாள் உழைச்சீங்களேன்னு, உங்க பொண்ணு ஃபைலை நான் சலுகைக்குத் தனியா எடுத்து வெச்சிருந்தேன் பாருங்க. தனியா இருந்ததால புதுக் கணக்கு அதுக்கு ஏறலை. பழைய நாற்பத்தொண்ணே நிக்குது."

"நாப்பத்தொண்ணு பதினாலைவிட அதிகந்தானே மேடம்?"

"அதிகம்தான். வகுப்பிலேயே அவதான் முதல். ஆனா பதினாலு முறையோட குறை. நாற்பத்தொண்ணு மாணவியோட குறை. அதுக்கு மன்னிப்பு இல்லை. அடுத்த வருஷம் திரும்பப் படிக்கணும்."

"நீங்க வாங்கித் தரேன்னீங்களே."

"வாங்கித் தர முடியாதுன்னு இப்பவும் சொல்லலையே. பரிசீலனையில இருக்கு. பரிட்சை முடிஞ்சதும் முடிவு வந்துடும்."

லோகநாதன் மேசையைக் கவிழ்க்கலாமா, கனமானதா என்று ஒரு பார்வை பார்த்தான். கனமாகத்தான் இருந்தது. இடுப்பு ஒத்துழைக்காது என்று திரும்பி வந்துவிட்டான்.

மறுநாள் ஏரி நடுவில் படகில் உட்கார்ந்து திவ்யா போனைத் திறந்தாள். பச்சை வட்டம் வரவில்லை. வேறொன்று வந்தது.

"நைனா, ஹால் டிக்கெட் வந்துகீது."

"வந்துடுச்சா!" கழியை விட்டுவிட்டு ஓடி வந்தான்.

"உனுக்கு."

மாணவர் பெயர்: லோகநாதன். பாடம்: உவர்நீர் வாழ்வாதாரங்கள். வருகை: நூறு சதவீதம். மூன்று நாளும் காகிதத்தில் போட்ட கையெழுத்து ஒழுங்காக ஆப்பில் ஏறியிருந்தது. பின்னாடி மாற்றிக்கொள்ளலாம் என்றதை யாரும் மாற்றவில்லை. போட்டோவுக்கு அவர்களிடம் இருந்த ஒரே படத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள்: குனிந்த லோகநாதன் முகம், அவன் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கும் இயக்குநரின் இரண்டு கைகள், ஒன்றில் தங்க வாட்ச்.

திவ்யா அழுவாள் என்று நினைத்தான். அவள் அந்த இரண்டு கைகளைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் துப்பட்டாவை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பக்கத்துப் படகில் ஜெகதீஸ்வரன் நண்டு வலை தூக்கிக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டான்.

"பரிச்சைக்குப் போறியா மாமா? வலை என்பது யாதுன்னு கேப்பான். பதில் தெரியுமா?"

ஜெகதீஸ்வரன் நண்டு ஒன்றைப் பிய்த்துக் கூடையில் போட்டான். திவ்யாவைப் பார்த்துக் குரலை இறக்கினான்.

"அதெல்லாம் சரி. என் பாடு ஞாபகம் கீதில்ல?"

"கீது மச்சான்."

லோகநாதன் வீட்டுக்கு அமாவாசை சேர்ந்து வர இன்னும் ஒன்றேமுக்கால் வருடம் இருக்கிறது. அன்றைக்கு விழுகிற இறால் அவனுடையது இல்லை. ஜெகதீஸ்வரனுக்கு ஓர் அமாவாசைப் பாடு பாக்கி.